படிக்காமல் பெறும் பட்டம்

கணினி மொழியியலில் சொற்பொருள் மாற்றத்தை ஆராய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று பிஎச்.டி. இடம் அறிவித்தால் போதும், அடுத்த நாளே அது நம் மொழியியல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. கூடவே ஒரு வாதமும் வருகிறது. அகராதிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீட்டுச் சீட்டாய் எழுதிச் சேர்த்ததைக் கணினி ஒரு மாலைப்பொழுதில் செய்து முடித்துவிடும். சொற்களின் வரலாற்றை ஆராய இதைவிட நல்ல காலம் வாய்க்காது என்கிறார்கள். இதில் ஒரு பாதியில் உண்மை உண்டு. மறுபாதிதான் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

இடங்கள் நல்ல இடங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஸ்வீடனில் பிஎச்.டி. மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். நான்கு ஆண்டுப் படிப்புக்குக் கட்டணமும் கிடையாது. உதவித்தொகை இந்த மாதமாவது வந்ததா என்று வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஆய்வாளருக்கு இது சின்ன விஷயம் அல்ல. கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் நீனா தஹ்மாசெபி தலைமையில் 2022இல் தொடங்கிய ‘சேஞ்ச் இஸ் கீ’ போன்ற திட்டங்கள் கணினிக்காரரையும் மொழியியலாரையும் சமூக ஆய்வாளரையும் ஒன்றாக உட்காரவைக்கப் பார்க்கின்றன. ஒரு நூற்றாண்டின் நாளிதழ்களை ஒருவர் தனியாகப் படித்து முடிக்க முடியாது என்பதும் சரி. இவ்வளவுக்கும் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு ஒன்றே ஒன்று. இந்தத் துறையில் ஒரு மாணவர் தான் ஆராயும் மொழியில் ஒரு நூலைக்கூட முழுதாகப் படிக்காமல் முனைவர் ஆகிவிடலாம்.

முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு சொல்லின் அக்கம்பக்கத்தில் எந்தச் சொற்கள் வருகின்றன என்பதைக் கொண்டு அதை எண்களின் வரிசையாக்குகிறார்கள். பழைய எழுத்துக் குவியலில் கிடைத்த வரிசையும் புதிய குவியலில் கிடைத்த வரிசையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளக்கிறார்கள். தள்ளி நின்றால் பொருள் மாறிவிட்டது. இந்த அளவையை வைத்து 2016இல் ஸ்டான்ஃபோர்டின் ஹாமில்டன், லெஸ்கோவெக், ஜுராஃப்ஸ்கி மூவரும் இரண்டு ‘விதிகளை’ அறிவித்தார்கள். அடிக்கடி புழங்கும் சொல் மெதுவாக மாறும். பல பொருள் கொண்ட சொல் வேகமாக மாறும். துறையே கொண்டாடியது. அடுத்த ஆண்டே டுபொஸார்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் காலவரிசையைக் கலைத்துப்போட்டு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். காலமே இல்லாத அந்தக் குவியல்களிலும் விதிகள் பெருமளவு தலைகாட்டின. அளந்ததில் பெரும்பங்கு பொருளை அல்ல, சொல் எத்தனை முறை வருகிறது என்பதைத்தான்.

இதற்குப் பிறகாவது துறை எழுத்துப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பியது போட்டிப் பக்கம். 2020இல் செம்ஈவல் என்ற பொதுப் போட்டியில் ஆங்கிலம், ஜெர்மன், லத்தீன், ஸ்வீடிஷ் நான்கிலும் எந்தச் சொல் மாறியது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஜெர்மனுக்கு வைத்த குவியல்களைப் பாருங்கள். முதலாவது 19ஆம் நூற்றாண்டின் நூல்கள்: இலக்கியம், அறிவியல் என்று பலதும் கலந்தவை. இரண்டாவது 1946 முதல் 1990 வரையிலான இரண்டு நாளிதழ்கள்: பெர்லினர் ட்ஸைடுங், நொயஸ் டாய்ச்லாண்ட். இரண்டும் கிழக்கு பெர்லின் பத்திரிகைகள். பின்னது கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கட்சியின் அதிகாரபூர்வ ஏடு.

‘பிரிகேட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனில் அது படைப்பிரிவு. கிழக்கு ஜெர்மன் ஆலைகளில் மட்டும், சோவியத் வழக்கத்தைப் பின்பற்றி, சேர்ந்து வேலைபார்க்கும் தொழிலாளர் குழுவுக்கும் அதுவே பெயர். மேற்கே மியூனிக்கில் இருந்தவருக்கு அது கடைசிவரை படைப்பிரிவாகவே இருந்தது. நாவலும் அறிவியல் நூலும் கலந்த ஒரு குவியலைக் கட்சிப் பத்திரிகையோடு ஒப்பிட்டால் கிடைப்பதில் எவ்வளவு காலத்தின் வேலை, எவ்வளவு ஓர் அரசின் வேலை, எவ்வளவு பத்திரிகை நடையின் வேலை? தூரத்தை அளக்கும் எண்ணுக்கு இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நொயஸ் டாய்ச்லாண்டை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தவருக்குத் தெரியும். லத்தீன் இன்னும் வேடிக்கை. கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுகள் ஒரு குவியல். அதற்குப் பிந்தைய இரண்டாயிரம் ஆண்டுகள் மொத்தமும் இன்னொரு குவியல். அகஸ்டினையும் நியூட்டனையும் ஒரே காலத்தவராக்கும் துணிச்சல் எந்த லத்தீன் வாத்தியாருக்கும் வராது.

படிக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பார்கள். உண்மைதான், விடை சரிபார்க்க மனிதர்கள் படித்தார்கள். லத்தீன் நீங்கலாக மற்ற மொழிகளில், ஒரு சொல் வரும் இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருள் ஒன்றேயா, நெருங்கியதா, தூரத்து உறவா, தொடர்பே இல்லையா என்று நாலுக்குள் மதிப்பெண் போட்டார்கள். அப்படிச் சேர்ந்த தீர்ப்புகள் ஏறக்குறைய ஒரு லட்சம். அசுர உழைப்பு, மதிக்கிறேன். ஆனால் அந்த உழைப்புக்குக் கிடைத்த இடத்தைக் கவனியுங்கள். படிப்பது மதிப்பெண் போடுபவர் வேலை. அந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கணினி மாதிரி மிக நெருங்கி வருகிறது என்று பார்ப்பது ஆய்வாளர் வேலை. ஆய்வேட்டில் வருவது அட்டவணை. நான்கு மொழிகளில் ஆராய்ந்ததாகச் சொல்லும் கட்டுரையை ஒரு மொழியும் தெரியாமல் எழுதிவிடலாம், எழுதவும்படுகிறது.

படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் துறைக்குள்ளேயே சான்று இருக்கிறது. டெல் ட்ரெடிச்சி, ஃபெர்னாண்டெஸ், போலெடா மூவரும் 2019இல் லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் ரெடிட் பேச்சை எடுத்து, சில ஆண்டுகளுக்குள் அங்கே சொற்கள் எப்படி மாறின என்று பார்த்தார்கள். ‘ஹைலைட்டர்’ அங்கே ஓர் ஆட்டச் சட்டையின் பெயராகியிருந்தது. பளிச்சென்ற அதன் நிறம் காரணம். ‘ஸ்டபர்ன்’ என்ற சொல்லும் மாறிவிட்டதாக எண் காட்டியது. பேச்சைப் படித்துப் பார்த்தால் பிடிவாதம் பிடிவாதமாகத்தான் இருந்தது. ஒரு பயிற்சியாளரைப் பற்றியே எல்லாரும் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரே ஓர் ஊர்க் குழுவின் பேச்சு, அதை அறிந்து படித்தவர்கள்; அதனால் எண் எங்கே ஏமாந்தது என்று சொல்ல முடிந்தது. இந்த மாதிரி வேலையை விதியாக்காமல் விதிவிலக்காகவே விட்டுவைத்திருக்கிறார்கள்.

முறையைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை, படிப்பது மொழித்துறைக்காரர் வேலை என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அப்படியானால் பட்டத்தின் பெயரிலிருந்து ‘சொற்பொருள்’ என்பதை எடுத்துவிட்டுப் புள்ளியியல் என்று போட்டுக்கொள்ளலாம். நான் பார்த்த அறிவிப்புகள் பலவற்றில் பைத்தானும் இயந்திரக் கற்றலும் கட்டாயத் தகுதி. ஆராயப்போகும் மொழியின் பழைய எழுத்தில் பழக்கம் என்பது ‘இருந்தால் நல்லது’ வரிசையில் கடைசி. நம்மூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் பல பொருள்களுக்கு மேற்கோள் இருக்கிறது. அந்த நூலைப் படித்த ஒருவர் எடுத்துவைத்த மேற்கோள். அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையிடம் கணினி இருந்திருந்தால் இன்னும் நிறையப் படித்திருப்பார். படிப்பதை விட்டிருக்க மாட்டார்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களைத் தடுக்க இதை எழுதவில்லை, போங்கள். நேர்காணலின் முடிவில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். நான்கு ஆண்டில் எத்தனை மாதம் நூல்களைப் படிக்க ஒதுக்கியிருக்கிறீர்கள், அந்த மொழி தெரிந்த நெறியாளர் யார், குவியலை நானே தேர்ந்தெடுக்கலாமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.