கால் முறிந்தால் மட்டும் மைக்

பந்தயக் குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. எலும்பு, நாண், நார், மேலே தோல். அவ்வளவுதான். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உடல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம் ஒற்றைக் கால் மட்டும் தரையில் இருக்கும். உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் அந்தக் காலில் இறங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் குதிரைப் பந்தயத்தை அலசுவது, பிட்ச்சைப் பார்க்காமல் சுழற்பந்தைப் பற்றிப் பேசுவது மாதிரி. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெகுகாலம் அப்படித்தான் பேசினார்கள். முன்னாள் ஜாக்கிகள் இருந்தார்கள், பந்தய நிருபர்கள் இருந்தார்கள், பந்தய விலை சொல்கிறவர்கள் இருந்தார்கள். எலும்பைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அப்படி ஒருவர் வேண்டும் என்று உறைப்பதற்கு ஒரு குதிரை நேரலையில் சாக வேண்டியிருந்தது.

1990 அக்டோபர் 27, நியூயார்க் பெல்மான்ட் பார்க். பிரீடர்ஸ் கப் டிஸ்டாஃப் பந்தயம். கோ ஃபார் வாண்ட், பயகோவா என்ற இரண்டு பெண் குதிரைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கடைசி நேர்தடத்தில் வந்தன. முடிவுக்கோடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கோ ஃபார் வாண்டின் வலது முன்னங்கால் முறிந்தது. கவிழ்ந்து விழுந்தது. எழுந்து மூன்று காலில் நொண்டிக்கொண்டு பார்வையாளர் பக்கமே வந்தது. அன்றைக்கு அது ஒன்றே விபத்தல்ல. அதற்கு முன் ஸ்ப்ரின்ட் பந்தயத்தில் விழுந்த இரண்டு குதிரைகளும் பிழைக்கவில்லை. நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரலையில், என்ன நடந்தது, ஏன் அங்கேயே ஊசி போட்டுக் கொல்கிறார்கள், ஏன் கட்டுப்போட்டுப் பிழைக்கவைக்கக் கூடாது என்று சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் மைக் முன்னால் இல்லை. மறுவருடமே அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கம் 'ஆன் கால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. பெரிய பந்தயம் ஒளிபரப்பாகும்போது ஒரு மருத்துவர் அங்கே இருப்பார். சிகிச்சை அவர் வேலையல்ல. களத்தில் சிகிச்சை செய்கிறவர்களிடம் விவரம் வாங்கி, கேமராவுக்குச் சொல்வதே அவர் வேலை.

அந்த வேலையை ஒரு கலையாகவே ஆக்கியவர் லாரி பிரம்லேஜ்.

கான்சாஸ்காரர். 1975இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அறுவைச் சிகிச்சை கற்று, அங்கேயே பேராசிரியரானார். 1989இல் கென்டக்கி லெக்சிங்டனில் உள்ள ரூட் அண்ட் ரிடில் குதிரை மருத்துவமனைக்கு வந்தார். பந்தய உலகில் எலும்பு என்றால் இவர் பெயர்தான். நொறுங்கிய கணுமூட்டைத் தகடும் திருகும் வைத்து அசையாமல் இறுக்கி, குதிரை பந்தயம் ஓட முடியாவிட்டாலும் உயிரோடாவது நிற்கும்படி செய்யும் அறுவை முறையை வளர்த்ததில் இவர் பங்கு பெரியது.

டிவிக்கு வருவதற்கு முன்பே இவர் கைவரிசையை டிவி காட்டியிருக்கிறது, பெயர் சொல்லாமல். 1986 இலையுதிர்காலத்தில் பர்சனல் என்சைன் என்ற இரண்டு வயதுப் பெண் குதிரைக்கு இடது பின்னங்காலில், குளம்புக்கு மேலுள்ள எலும்பு முறிந்தது. ஐந்து திருகுகள் வைத்து அதைச் சேர்த்தவர் பிரம்லேஜ். குட்டி போட வைத்துக்கொள்ளலாம், ஓட்டம் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்திருக்க, அது திரும்பி வந்தது. வந்து தோற்கவே இல்லை. 1988 நவம்பரில் லூயிவில் சர்ச்சில் டவுன்ஸில், சேறாகிக் கிடந்த தடத்தில், அதே டிஸ்டாஃப் பந்தயத்தில், கென்டக்கி டெர்பி வென்ற வின்னிங் கலர்ஸை மூக்கு நுனி வித்தியாசத்தில் கடந்தது. 13 பந்தயம், 13 வெற்றி. அமெரிக்கப் பந்தய வரலாற்றின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். சேணத்தில் இருந்த ஜாக்கி ராண்டி ரொமேரோ. இரண்டே ஆண்டு கழித்து கோ ஃபார் வாண்டோடு சேர்ந்து தரையில் விழுந்தவரும் அவர்தான். ஒரே பந்தயம், ஒரே ஜாக்கி; திருகு போட்ட கால் தாங்கியது, முறிவே காணாத கால் தாங்கவில்லை.

சரி, மைக் முன்னால் அவர் எப்படி? மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம்.

1999 ஜூன் 5, பெல்மான்ட் பந்தயம். கரிஸ்மாடிக் என்ற குதிரை டெர்பியும் ப்ரீக்னஸும் ஜெயித்து, இதையும் ஜெயித்தால் கிடைக்கும் டிரிபிள் கிரவுனுக்கு ஒரு படி கீழே நின்றது. சில மாதங்களுக்கு முன்புவரை, கேட்ட விலைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளக்கூடிய மலிவுப் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்த குதிரை அது. அதனால் கூட்டத்துக்கு அதன்மேல் தனிப் பாசம். மூன்றாவதாக வந்தது. கோட்டைத் தாண்டியதும் நடை தப்பியது. ஜாக்கி கிறிஸ் ஆன்ட்லி குதித்து இறங்கி, முறிந்த இடது முன்னங்கால் தரையில் படாதபடி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஏபிசி தொலைக்காட்சியில் பிரம்லேஜ். எந்த எலும்பு, எங்கே பிளந்திருக்கிறது, பந்தய வாழ்க்கை முடிந்தது, ஆனால் உயிர் பிழைக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். இதில் நான் ரசிப்பது அந்த வரிசையை. முதலில் காயம், பிறகு ஓட்டம், கடைசியில் உயிர். பார்ப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது உயிர்தானே என்று தோன்றலாம். ஆனால் காயம் இன்னதென்று புரியாமல் 'பிழைக்கும்' என்று சொன்னால் அது ஆறுதல் வார்த்தையாகப் போய்விடும். புரிந்த பிறகு சொன்னால் அது தீர்ப்பு. தீர்ப்பு சரியாகவும் இருந்தது. கரிஸ்மாடிக் பிழைத்தது, ஜப்பானில் பொலிகுதிரையாக இருந்தது, வயதான பின் கென்டக்கிக்குத் திரும்பி 2017இல்தான் இறந்தது.

2006ஆம் ஆண்டு ஆட்டம் இன்னொருவருடையது. மே 20 அன்று பால்டிமோரில் ப்ரீக்னஸ் பந்தயத்தில் பார்பரோ என்ற குதிரையின் வலது பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. மறுநாள் பென்சில்வேனியாவின் நியூ போல்டன் மையத்தில் டீன் ரிச்சர்ட்சன் என்ற அறுவை மருத்துவர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவை செய்து தகடும் 27 திருகுகளும் வைத்தார். குதிரையை மிதவையில் போட்டு நீச்சல் குளத்தில் இறக்கி மயக்கம் தெளியவைத்தார்கள். அதற்குக் காரணம் உண்டு: 1975இல் ரஃபியன் என்ற பெண் குதிரை அறுவை முடிந்து மயக்கம் தெளியும்போது உதறித் துடித்ததில் எல்லாம் குலைந்து, அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. தண்ணீரில் உதறினால் கால் எதிலும் மோதாது. ரிச்சர்ட்சன் மேடைப் பேச்சாளர் அல்ல. ஆனால் அறுவை நன்றாக முடிந்த அன்றே, பிழைப்பது காசு சுண்டிப் போட்டுப் பார்ப்பது போலத்தான் என்று நிருபர்கள் முன் சொன்னார். ஜூலையில் இடது பின்னங்காலில் குளம்பு அழற்சி வந்தது. முறிந்த காலுக்குப் பதில் நல்ல கால் பாரம் சுமந்ததன் விலை. அதையும் மறைக்காமல் சொன்னார். எட்டு மாதம் நாடே அந்த அறிக்கைகளைக் கேட்டது. 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவைக் கருணைக்கொலை செய்த செய்தியைச் சொல்லும்போது அவர் அழுதார். குதிரைக்கு ஏன் 'கட்டுப்போட்டுப் படுக்கவைக்க' முடியாது என்பதை அமெரிக்கப் பொதுமக்கள் முழுசாகக் கற்றுக்கொண்டது அந்த எட்டு மாதத்தில்தான்.

மூன்றாவது, மறுபடி பிரம்லேஜ். 2008 மே 3, கென்டக்கி டெர்பி. எயிட் பெல்ஸ் என்ற பெண் குதிரை பிக் பிரவுனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து, வேகம் தணித்துக்கொண்டிருக்கையில் இரண்டு முன்னங்கால் கணுமூட்டுகளும் முறிந்து விழுந்தது. தடத்திலேயே கொன்றார்கள். ஒரு கால் என்றால் மற்றதில் நிறுத்திக் கட்டுப்போட்டு வண்டியில் ஏற்றலாம்; இரண்டும் போனால் நிற்கவே வழியில்லை. அதை அவர் தெளிவாகச் சொன்னார். கோட்டைத் தாண்டி அவ்வளவு தூரம் போய், சீராக வேகம் குறையும்போது இப்படி நடந்ததை விளக்குவது கடினம் என்றும் சொன்னார். ஒரு நிபுணர் நேரலையில் தனக்கு விளங்காததை விளங்கவில்லை என்று ஒத்துக்கொள்வது லேசான காரியமல்ல. கிரிக்கெட் வர்ணனைப் பெட்டியில் அதை நான் கேட்டதாக நினைவில்லை.

ஆனால் இந்த ஆட்டத்தில்தான் அவருடைய எல்லையும் தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் கேட்டது 'எப்படி முறிந்தது' என்றல்ல. 'ஏன் முறிய விட்டீர்கள்' என்று. சின்ன வயதிலேயே ஓட்டுகிறீர்களே, வேகத்துக்காகவே இனவிருத்தி செய்கிறீர்களே, மருந்து கொடுக்கிறீர்களே என்று. (எயிட் பெல்ஸ் உடலில் தடைசெய்யப்பட்ட எதுவும் இல்லை என்று சோதனை சொன்னது. கோபம் அதனால் தணியவில்லை.) அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவரா? அவருக்குக் கட்டணம் தருகிறவர்கள் குதிரை உரிமையாளர்கள். அவரை மைக் முன்னால் அனுப்புவது அவருடைய தொழில்முறைச் சங்கம். அவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எலும்பைப் பற்றிய ஒவ்வொரு நேர்மையான பதிலும் பந்தயத் தொழிலுக்கு ஒரு மூச்சு அவகாசம் வாங்கிக் கொடுத்தது என்பதும் உண்மை.

அவர் 'ஏன்' என்பதைத் தொடாதவரும் அல்ல. அந்த ஆகஸ்டிலேயே, அமெரிக்கப் பந்தய அமைப்பான ஜாக்கி கிளப்பின் கூட்டத்தில், இரண்டு வயதில் ஓடத் தொடங்கிய குதிரைகள் அப்படித் தொடங்காதவற்றைவிட அதிகப் பந்தயம் ஓடின, அதிகம் சம்பாதித்தன என்று புள்ளிவிவரம் வைத்தார். ஊர் நம்பியதற்கு நேர் எதிரான பேச்சு. அடிப்படை வாதம் எலும்பின் இயல்பு பற்றியது: வேகப் பயிற்சியின் அடி பட்டால்தான் எலும்பு தன்னை இறுக்கிக்கொள்ளும். நைந்துபோன பகுதியை உடல் முதலில் அரித்தெடுத்து, பிறகு புது எலும்பை நிரப்பும். அரித்து முடித்து நிரப்பாத இடைவேளையில் முழு வேகத்தில் ஓட்டினால் முறியும். ஆக வயதைவிட முக்கியம் பயிற்சியின் தாளம். நான் அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே விழுங்க மாட்டேன். இரண்டு வயதில் ஓட முடிந்த குதிரை பிறப்பிலேயே திடமான குதிரையாக இருக்கலாம். சீக்கிரம் ஓடியதால் திடமானது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் எலும்பு பற்றிய பகுதி விளையாட்டு அலசலின் உச்சம். எந்த ஜாக்கியும் எந்த நிருபரும் தர முடியாத அலசல். அது ஒலித்தது ஒரு கருத்தரங்க அறையில், டெர்பி நேரலையில் அல்ல.

எழுத்தில் மருத்துவர் குரலுக்கு இவ்வளவு பஞ்சம் இல்லை. மேத்யூ மெக்கே-ஸ்மித் என்ற குதிரை அறுவை மருத்துவர் கத்தியை வைத்துவிட்டு 'ஈக்வஸ்' இதழின் மருத்துவ ஆசிரியரானார். நீண்டதூர ஓட்டங்களில் தாமே குதிரை ஓட்டியவர். அவர் தந்தை அலெக்சாண்டர் 'தி கிரானிக்கிள் ஆஃப் தி ஹார்ஸ்' இதழின் ஆசிரியராக இருந்தவர் என்பதால் அச்சு மை அவருக்குப் புதிதல்ல. பத்திரிகையில் மருத்துவருக்குக் குதிரை நன்றாக இருக்கும்போதும் இடம் உண்டு: நடையைப் பார்ப்பது எப்படி, தீனி எவ்வளவு, குளம்பை எப்போது சீவுவது. தொலைக்காட்சி மருத்துவரை வாசலில் நிறுத்திவைத்து, விபத்தானால் மட்டும் உள்ளே கூப்பிடுகிறது.

2023 மே மாதம் டெர்பி நடப்பதற்குள் சர்ச்சில் டவுன்ஸில் ஏழு குதிரைகள் இறந்தன. எண்ணிக்கை 12 ஆனதும் பந்தயங்களையே எல்லிஸ் பார்க் என்ற வேறு தடத்துக்கு மாற்றினார்கள். ஜாக்கி கிளப்பின் தரவுகளைப் பார்த்தால், குதிரைகள் பந்தயத்தில் இறங்கும் ஒவ்வொரு 1,000 தடவைக்கும் மரணம் 2009இல் 2.00, 2022இல் 1.25. குறைந்திருக்கிறது, கணிசமாகவே. ஆனால் இப்படிக் குறையும் எண்ணை, இறந்து கிடக்கும் குதிரையின் பக்கத்தில் நின்றுகொண்டு யார் சொன்னாலும் சால்ஜாப்பாகத்தான் கேட்கும். சொல்ல வேண்டிய நேரம் வேறு. பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும்போது வர்ணனையாளர்கள் தொப்பிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த இடத்தில் மருத்துவருக்கு இரண்டு நிமிடம் கொடுக்கட்டும். எந்தக் குதிரை எந்தக் காலை எடுத்து வைக்கத் தயங்குகிறது, எதன் பயிற்சியில் நீண்ட இடைவெளி விழுந்திருக்கிறது, எதை இன்று ஓட்டாமல் இருப்பது நல்லது என்று பந்தயம் தொடங்கும் முன் அவர் சொல்லட்டும். உரிமையாளர்களுக்குப் பிடிக்காது, பந்தயம் கட்டுகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள், ஓரிரு வழக்குகள்கூட வரலாம்.