‘டாக்சி டிரைவர்’: விலகும் கேமராவும் முரணும் இசையும்

மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கிய ‘டாக்சி டிரைவர்’ (1976), சட்டத்தைக் கையிலெடுக்கும் தனிமனிதனைப் போற்றும் படமா என்னும் வினா இன்றும் எழுப்பப்படுகிறது. கதையை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது. இறுதியில் செய்தித்தாள்கள் டிராவிஸை வீரனாகவே கொண்டாடுகின்றன. விடை மைக்கேல் சாப்மனின் ஒளிப்பதிவிலும் பெர்னார்ட் ஹெர்மனின் இசையிலும் உள்ளது.

பெட்சியிடம் டிராவிஸ் தொலைபேசியில் மன்றாடும் காட்சியில் கேமரா அவனை விட்டு வலப்புறம் நகர்ந்து, ஆளற்ற நடைவழியைக் காட்டி நிற்கிறது. குரல் மட்டும் கேட்கிறது. பிறர் அவமானத்தைக் காணக் கூசுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது போன்ற அசைவு இது. அதே கேமரா கொலைகளின்போது கூசுவதில்லை. துப்பாக்கிச் சூடு இசையின்றி நிகழ்கிறது. பின்னர், கூரையை அறுத்து எடுக்கப்பட்ட மேற்கோணக் காட்சி உடல்களையும் குருதியையும் மெல்ல அளந்து செல்கிறது. தணிக்கைத் தரச்சான்றுக்காக இப்பகுதியின் வண்ணம் மங்கலாக்கப்பட்டது. நிர்ப்பந்தத்தால் நேர்ந்ததே எனினும், அம்மாற்றம் குருதியைத் துருவின் நிறத்துக்குக் கொணர்ந்து, கொண்டாட்டத்துக்கு இடமின்றிச் செய்துவிடுகிறது.

அம்மேற்கோணக் காட்சியில்தான் இசை மீள்கிறது. முன்பு நகரின் இரவுகள்மீது சாக்சபோனில் குழைந்த மெட்டு, இங்கே பித்தளைக் கருவிகளில் கனத்து ஒலிக்கிறது. ஏக்கமும் கொலைவெறியும் ஒரே மெட்டின் இரு நிலைகள் என்பதை உரையாடல் எங்கும் கூறவில்லை. (1975 டிசம்பரில் இவ்விசைப் பதிவை முடித்த சில மணி நேரத்தில் ஹெர்மன் மறைந்தார்.) கடைசிக் காட்சியில் காரின் பின்பார்வைக் கண்ணாடியை டிராவிஸ் திடுக்கிட்டு நோக்கும் கணத்தில், பின்னோக்கி ஒலிக்கவிடப்பட்ட ஒரு மணியோசை எழுகிறது, நாளிதழ்கள் வீரனாக்கியவனின் நோய் அவ்வொரு நொடியில் திரும்பிவிடுகிறது.