வாட்சன் நூலும் நோயாளர் பதிவேடும்

மலாயாவின் மலேரியாத் தடுப்பைப் பற்றி மால்கம் வாட்சன் எழுதி, 1921இல் இரண்டாம் பதிப்பாக விரிந்த ஆங்கில நூலை மருத்துவர் போற்றுவர். தமிழாசிரியருள் அதனைப் படித்தவர் அரியர். தோட்டத் தமிழர் வரலாறு எழுதப் புகுவோர் அதனைப் படித்தே ஆகவேண்டும் என்பது எம் கருத்து. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு படித்தலாகாது.

1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த வாட்சனின் முயற்சியால் சதுப்பு நீர் வடிக்கப்பட்டது, புதர்க்காடு வெட்டப்பட்டது. பயன் விளைந்ததா? அதனை அறிய அவர் மருத்துவமனையின் அன்றாடப் பதிவேட்டையே புரட்டினார். கிள்ளான் நகரிலிருந்தும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்தும் மலேரியாவோடு வந்து சேர்ந்தோர் 1901இல் 610 பேர். 1905இல் 23 பேர். அப்பணி நடவாத பிற பகுதிகளிலிருந்து வந்தோரோ 197இலிருந்து 353 ஆயினர். இவ்விரண்டாம் வரிசையை அருகில் வைத்ததே நூலுக்கு உயிர். அஃதின்றேல், மழை குறைந்தது, நோயும் குறைந்தது என்று எவரும் வாதிட்டிருப்பர்.

மருத்துவத்தின் மதிப்பைச் சிகிச்சையின் எண்ணிக்கையால் அளவாமல், செலவிட்ட பணத்திற்கு நோயாளி பெற்ற நலத்தால் அளக்கவேண்டும் என்று போர்ட்டரும் டைஸ்பெர்கும் 2006இல் எழுதினர். அக்கருத்தின் வித்து வாட்சனிடம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியது என்று கணக்கெடுத்தவர் அவர். காடு வெட்டினால் காய்ச்சல் தீரும் என்ற முறை சமவெளியில் பலித்தது; குன்றுநிலத் தோட்டங்களிலோ, வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் வேறொரு கொசுவால் பொய்த்தது. அதனையும் மறையாமல் எழுதினார். ஆராய்வோனுக்கு இதனினும் சிறந்த பண்பு எது?

குறை இனி. 353 என்றால் எத்தனை பேருள் 353? ரப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆட்கள் குவிந்த ஆண்டுகள் அவை. வகுக்கும் எண் இன்றி அவ்வுயர்வு எவ்வளவு என்று எவ்வாறு அறிவது? மேலும், நலம் என்பது யாருடைய நலம்? வேலைநாள் இழப்பு, ஆள்சேர்ப்புச் செலவு என்று கணக்குத் துரையின் மேசையிலிருந்தே எழுகிறது. செக்ரோலில் பெயர் அடிபட்டு ஊர் திரும்பியவன் பிழைத்தானா என்பதைத் தோட்டத்துப் பதிவேடு சொல்லாது. வாட்சனைப் பழிப்பதற்கன்று இது. பதிவேடு எதனை எழுதுமோ அதனையே காட்டும்.

அக்குறை எம்மிடமும் உண்டு. லெம்பா பெர்த்தாமில் மழைக்காலத்தில் பிள்ளை வாராவிடில் வருகைப் பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்றெழுதி மூடிவிடுவோம். எத்தனையாம் நாள் வந்தான், வந்தபின் மூச்சிரைக்காமல் மேடேறினானா என்று பல்லாண்டு நான் எழுதியதில்லை. இவ்வாண்டு அதற்கென ஒரு கட்டம் கோடிட்டிருக்கிறேன். ‘திரும்பிய நாள்’ என்று தலைப்பிடச் சொல்கிறார் தோட்ட மருந்தக உதவியாளர். ‘நலமடைந்த நாள்’ என்கிறேன் நான். கட்டத்தின் தலைப்பு இன்னும் எழுதப்படவில்லை.