ஆறாய்ப் பெருகிய ஆயன்: 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆயர் இசைநாடகம்

ஆயர்களும் வனதேவதைகளும் காதலித்து ஊடும் கற்பனை நிலமாகிய ஆர்க்காடியாவை மேடையேற்றிய இத்தாலிய ஆயர் இசைநாடகம், தாஸ்ஸோவின் 'அமின்தா', குவாரினியின் 'இல் பாஸ்தோர் ஃபிதோ' ஆகிய 16ஆம் நூற்றாண்டு நாடகங்களிலிருந்து கிளைத்தது. 1690இல் ரோமில் நிறுவப்பட்ட ஆர்க்காடியக் கழகம், முந்தைய தலைமுறையின் சொல்லலங்காரத்தைக் களைந்து எளிமையை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு இம்மரபுக்குப் புதுவலிமை தந்தது. அதில் சேர்ந்த பிரபுக்களும் திருச்சபைக் கர்தினால்களும், ஒருநாளும் மேய்ச்சலுக்குப் போயறியாதவர்களாயினும், ஆளுக்கோர் ஆயர் பெயர் சூட்டிக்கொண்டனர். எளிமையைப் பாட இவர்கள் கையாண்டவையோ அக்கால ஐரோப்பாவிலேயே மிகுந்த பயிற்சி பெற்ற குரல்களும் பெருஞ்செலவு பிடித்த அரங்குகளுமாகும். இந்த முரண் அச்சி–கலாத்தேயா கதையைத் தொடர்ந்து செல்லும்போது மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

சிசிலியில் பிறந்த கிரேக்கப் புலவர் தியோக்ரிட்டஸ் பாடிய பழைய வடிவில், ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் கடல்மகள் கலாத்தேயாவை எண்ணி ஏங்குகிறானே தவிர, போட்டிக்காதலன் எவனும் இல்லை. அச்சி என்னும் இளைஞனைக் கதைக்குள் கொண்டுவந்து, அவனை அரக்கன் பாறையெறிந்து கொல்வதாகவும், பாறையடியில் கசிந்த குருதி தெளிந்து ஆறாக ஓடுவதாகவும் பாடியவர் ரோமானியக் கவி ஓவிட். எட்னா எரிமலையின் அடிவாரத்தில் அச்சிரியாலே, அச்சி காஸ்தெல்லோ என்று அப்பெயர் தாங்கிய ஊர்கள் இன்றும் உள்ளன.

23 வயது ஹேண்டல் 1708இல் நேப்பிள்ஸில் இக்கதைக்கு இசையமைத்தது ஆல்விட்டோ பிரபுவின் திருமணத்துக்காக என்பது முதற்பார்வைக்கு வியப்பளிக்கலாம். 'செரனாட்டா' எனப்பட்ட இவ்வடிவம் ஒரு விழாவுக்கென்று எழுதப்பட்டு, மிகச் சில குரல்களைக் கொண்டு நடக்கும் சிறு இசைநாடகமாகும். இதில் உள்ளவை மூன்றே குரல்கள். அவற்றிலும் காதலன் அச்சியின் குரல் காதலி கலாத்தேயாவின் குரலினும் உயரத்தில் ஒலிக்கிறது. குரல் உயர்ந்திருப்பதை இளமைக்கும் வீரத்துக்கும் அடையாளமாகக் கொண்ட அக்காலச் செவிகளுக்கு இது இயல்பாகவே பட்டது. ஆயினும் படைப்பின் உயிர் காதலரிடம் இல்லை, அரக்கனிடமே இருக்கிறது. நிழலிடையே வழிதவறிய பூச்சியாகத் தன்னை உணரும் பாலிஃபீமஸின் பாடல், ஏறக்குறைய இரண்டரை ஸ்தாயியில், அடிமட்டத்திலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து அடிமட்டத்துக்கும் தாவித் தாவிச் செல்கிறது. பேருடல் கொண்டவனை மெல்லிய இசைக்கருவிகளின் நடுவே இவ்வாறு தடுமாறவிட்ட இளம் இசையமைப்பாளர், ஆயர் நிலத்தின் உண்மையான தனிமையை அழகில்லாதவனிடத்தில் கண்டுகொண்டார் என்றே தோன்றுகிறது.

கொலையில் முடியும் கதையை மணவிழாவில் பாடுவது எவ்வாறு பொருந்தியது என்பதற்கு விடை அதன் இறுதியில் உள்ளது: அச்சி ஆறாகிறான், கலாத்தேயா கடலைச் சேர்ந்தவள், ஆறோ கடலைச் சேர்ந்தே தீரும். இறப்பு இங்கே பிரிவாகாமல் பிரிக்கவொண்ணாத கூடலாகிவிடுவதால், மணமக்களுக்கு மூவரும் சேர்ந்து உறுதிகுன்றாக் காதலைப் பாடி முடிப்பதில் அமங்கலம் எதுவும் இல்லை.

1735இல் லண்டனில் அரங்கேறிய பொர்ப்பொராவின் 'பாலிஃபெமோ' வேறு உலகத்தைச் சேர்ந்தது. ஹேண்டலுக்கு எதிராகப் பிரபுக்கள் நிறுவிய குழுவுக்காக எழுதப்பட்ட இதில், யுலிசீஸ் அரக்கனைக் குருடாக்கும் கதையும் உடன் பின்னப்பட்டது. சேனசீனோ, குத்சோனி முதலிய புகழ்பெற்ற பாடகர் பலருக்கும் பாத்திரம் வேண்டியிருந்ததே இதற்குக் காரணமாகலாம். அச்சியாகப் பாடியவர் ஃபாரினெல்லி. சிறுவயதிலேயே விரைநீக்கம் செய்யப்பட்டுக் குரல் உடையாது காக்கப்பட்ட 'காஸ்ட்ராட்டோ' பாடகர்களுள் தலையாயவரும், பொர்ப்பொராவின் நேர் மாணவரும் ஆவார். தேவனாக உயிர்த்தெழுந்த அச்சி ஜுபிட்டருக்கு நன்றி கூறும் 'ஆல்த்தோ ஜோவே' என்னும் பாடலில், ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி வளர்த்துத் தேய்க்கும் அவரது மூச்சுத்திறனை ஆசிரியர் அளவறிந்து பயன்படுத்தினார். முதற்பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, பின்னர் அலங்காரங்களோடு மீண்டும் முதற்பகுதி என அமையும் 'ஏரியா' என்னும் தனிப்பாடலில் கதை நகர்வதில்லை. கதையை நகர்த்துவது இடையிடையே பேச்சுநடையில் பாடப்படும் உரைப்பாட்டே. 'பாலிஃபெமோ'வில் கேட்போர் கதைக்காகக் காத்திருந்ததாகக் கருத இடமில்லை.

ஹைடன் 1763இல் ஐசன்ஷ்டாட் அரண்மனையில் 'அச்சிதே' என்ற பெயரில் இதே கதையை அமைத்ததும் எஸ்தெர்ஹாசி குடும்பத் திருமணம் ஒன்றுக்கே. முழுமையாகக் கிடைக்காத அப்படைப்பு, அவர் இத்தாலிய இசைநாடகத்தில் வைத்த முதலடி என்ற அளவில் கவனத்துக்குரியது. இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1762 அக்டோபரில், வியன்னாவில் குளூக்கின் 'ஓர்ஃபேயோ' அரங்கேறியிருந்தது. யூரிடிசியின் கல்லறையைச் சூழ்ந்து ஆயரும் வனதேவதையரும் அழும் காட்சியோடு திரை விலகும் அந்நாடகத்தில், நூலாசிரியர் கால்சாபிஜியும் குளூக்கும் பாடகரின் அலங்காரத்தை அடக்கினர். ஆர்க்காடியக் கழகம் எழுபது ஆண்டுகளுக்கு முன் அறிவித்த எளிமை உண்மையில் இங்குதான் காதில் விழுகிறது.

மரபு அங்கேயே நின்றுவிடவில்லை. 1787இல் ஹாப்ஸ்பர்க் இளவரசி ஒருவரின் மணத்தையொட்டி வியன்னாவில் மேடையேறிய மார்த்தின் இ சோலேரின் 'லார்போரே தி தியானா', கற்பைச் சோதிக்கும் ஆப்பிள் மரத்தை நடுவில் வைத்து ஆயர் நாடகத்தை நகைச்சுவையாக்கியது. கற்புடையவள் கீழே சென்றால் கனிகள் ஒளிர்ந்து இசைக்கும். தவறியவள் சென்றால் கறுத்து அவள் மேல் விழும். இறுதியில் கன்னித்தெய்வம் தியானாவே காதலில் வீழ்ந்து மரம் அழிகிறது. பேரரசர் இரண்டாம் ஜோசஃப் அந்த ஆண்டுகளில் துறவு மடங்களை மூடிவந்ததோடு இதனைச் சேர்த்துப் படிக்காதவர் குறைவு. நூலை எழுதிய லொரென்சோ தா பொந்தே குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கர்.