தலைமாட்டுக்கு ஒரு டைம்பீஸ்

பயணத்துக்கென்று சின்னதாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அளவு, அடுத்து விலை, அதற்கும் அடுத்து வசதிகள். வெப்பநிலை காட்டுமா, உலக நேரம் உண்டா, எத்தனை விதமாக ஒலிக்கும் என்றெல்லாம் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். என் கணக்கில் இவை எதுவும் முதல் கேள்வி இல்லை. பழக்கமில்லாத லாட்ஜ் அறையில் விளக்கை அணைத்துப் படுத்தபின், அலாரம் போட்டிருக்கிறதா, எத்தனை மணிக்குப் போட்டிருக்கிறது என்ற இரண்டையும் கையை நீட்டி ஒரு நொடியில் உறுதிசெய்துகொள்ள முடிகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திருமலையில் அதிகாலை 3 மணி சுப்ரபாத சேவைக்குப் போக வேண்டியவரும், விடியற்காலை விமானத்துக்காக நடுநிசியில் எழ வேண்டியவரும் தூக்கத்தைத் தொலைப்பது எதனால்? அலாரம் அடிக்காமல் போய்விடுமோ என்று அரை மணிக்கொரு தரம் கண் விழித்துப் பார்ப்பதால்தான். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாத கடிகாரம் உள்ளங்கைக்குள் அடங்கினாலும் பையில் வீணாக இடத்தை அடைக்கிற சாமான்தான்.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. போனில் அலாரம் ஒரு செயலி. அது ஒலிக்க வேண்டுமானால் பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும், மென்பொருள் பிசகாமல் இருக்க வேண்டும், ஒலி அளவு குறைந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் படுக்கும்போது நமக்குத் தெரியாது. 2011 புத்தாண்டில், ஜனவரி முதல் இரண்டு நாட்களும், ஒருமுறை மட்டும் அடிக்கும்படி வைத்த அலாரங்கள் ஐபோன்களில் ஒலிக்காமல் போயின. 2024-லும் சில ஐபோன்களில் அலாரம் ஓசையின்றிக் கடந்துபோவதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பழைய நோக்கியா போன்களை அணைத்து வைத்தாலும் குறித்த நேரத்தில் அவை விழித்துக்கொண்டு அடிக்கும். இன்றைய ஐபோனை அணைத்து வைத்தால் அலாரமும் அதோடு அணைந்துவிடும். ரயிலில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றால், தீ விபத்தைத் தவிர்ப்பதற்காக இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை பெட்டிகளில் சார்ஜ் முனைகளின் மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாட்டை மேற்கு ரயில்வே 2021 மார்ச்சில் கொண்டுவந்தது. அலாரம் மிகவும் தேவைப்படுகிற அதே ஆறு மணி நேரம்தான் அது.

ஆனால் ஒரு விஷயத்தில் போனை விட்டுக்கொடுக்க முடியாது. தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் இரவு ரயிலில் ஏறி, இருட்டோடு விழுப்புரத்தில் இறங்க வேண்டியவருக்கு, வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம் என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. வண்டி எங்கே வருகிறது என்று பார்த்து எழுப்புகிற செயலியோ, 139 எண்ணின் வழியாகக் கிடைக்கும் எழுப்பும் சேவையோதான் அங்கே உதவும். ஆகவே ஓடும் ரயிலுக்குப் போன், தங்கும் அறைக்குக் கடிகாரம் என்று பிரித்துக்கொள்வதே சரி. கைக்கடிகார அலாரத்தை நம்புகிறவர்களும் உண்டு. 1989 முதல் விற்பனையில் இருக்கும் காசியோ எஃப்-91டபிள்யூவை நானும் மெச்சுகிறேன். பல ஆண்டுகள் பேட்டரி மாற்ற வேண்டாம். ஆனால் அதன் அலாரம் 20 நொடி கீச்சிட்டுவிட்டு நின்றுவிடும். மின்விசிறி ஓடும் அறையில், போர்வைக்குள் இருக்கும் மணிக்கட்டிலிருந்து வரும் அந்தக் கீச்சொலியை நம்பி விமானத்தைப் பணயம் வைக்க முடியாது.

இனி கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். குஜராத்தின் மோர்பி நகரம் அஜந்தா, ஆர்பட் போன்ற பெயர்களில் நாடு முழுவதும் அனுப்புகிற சாதாரண பிளாஸ்டிக் டைம்பீஸ் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று நேரத்துக்கு, மற்றது அலாரத்துக்கு. அலாரத் திருகின் அருகே ஒரு அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கமாக மட்டுமே திருப்ப வேண்டும். இந்த அமைப்பில் மறைவாக எதுவும் இல்லை என்பதுதான் அதன் பெரிய பலம். அலார முள் நான்கைக் காட்டினால் நான்கு மணிக்கு அடிக்கும். ஒரு பட்டனை மூன்று முறை அழுத்தி, எண்கள் மின்னும்போது இன்னொன்றை அழுத்தி, எந்த நிலையில் நிற்கிறோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை இல்லை. டிஜிட்டல் கடிகாரத்தின் குறை இங்கேதான். அலாரம் இயங்குகிறது என்பதற்கு அதில் கிடைக்கும் ஒரே அடையாளம், திரையின் மூலையில் கடுகளவு மணிப் படம். விளக்கு இல்லாமல் அது தெரியாது. விளக்கு இருந்தாலும் எல்சிடி திரையைப் படுத்தபடி சாய்ந்து பார்த்தால் எழுத்து மங்கிவிடும். நேராகப் பார்த்தால்தான் தெளியும். போதாக்குறைக்கு முற்பகல், பிற்பகல் குழப்பம் வேறு. டிஜிட்டல்தான் வேண்டும் என்பவர்கள் 24 மணி நேர முறையில் காட்டுவதை மட்டும் வாங்கினால் அந்த ஒரு பிழையாவது ஒழியும்.

முள் கடிகாரத்தின் அலாரம் துல்லியமாக இருக்காது என்பது உண்மையான ஆட்சேபம். உள்ளே ஒரு பல்சக்கரத்தின் பள்ளத்தில் இன்னொன்று விழும்போது மின்தொடர்பு ஏற்பட்டு ஒலிக்கிறது. அந்த விழுதல் ஐந்து நிமிடம் முன்பின் ஆகலாம். இதற்குக் கடையிலேயே ஒரு சோதனை உண்டு. அலார முள்ளைச் சரியாக 5-ல் நிறுத்தி, அலாரத்தைப் போட்டுவிட்டு, நேரத் திருகால் முட்களை நாலரையிலிருந்து மெல்ல நகர்த்துங்கள். 4:54-க்கு அடித்தால் வாங்கலாம், 5:07-க்கு அடித்தால் அடுத்ததைக் கேளுங்கள். ஒரு கடிகாரத்தின் விலகல் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும் என்பதால், முந்தி அடிப்பது தெரிந்துவிட்டால் அது குறையாகவே படாது. இன்னொரு வரம்பும் உண்டு: முகப்பில் 12 மணிதான். மாலை 3 மணிக்குப் படுத்து மறுநாள் காலை 4 மணிக்கு எழ நினைப்பவரை அது மாலை 4 மணிக்கே எழுப்பிவிடும். அத்தகைய பயணிகள் குறைவு. நேரம் காட்டும் துல்லியத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் துண்டுதான் மலிவானதிலும் விலையுயர்ந்ததிலும் இருக்கிறது. மாதத்துக்குச் சில பத்து நொடி பிசகினால் பயணத்தில் யாருக்கும் நஷ்டமில்லை.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது சுவிட்சைப் பற்றி. அலாரத்தைப் போட, நிறுத்த நகர்த்தும் சுவிட்சாக இருக்க வேண்டும். அழுத்தினால் போட்டு, மறுபடி அழுத்தினால் நிறுத்தும் பட்டனாக இருக்கக் கூடாது. நகரும் சுவிட்சின் மேல் கட்டைவிரலை வைத்தாலே அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும். பட்டனைத் தடவினால் ஒன்றும் தெரியாது. அதே சுவிட்ச் மேற்பரப்பைவிடச் சற்றே உள்வாங்கி இருந்தால் பையில் துணிகளுக்கிடையே உரசித் தானாக நகராது. முள் கடிகாரம் 12 மணி நேரம் கழித்து மறுபடி அடிக்கும் என்பதால், காலை 4 மணிக்கு ‘ஸ்னூஸ்’ மட்டும் தட்டிவிட்டுக் கிளம்பியவரின் பெட்டிக்குள்ளிருந்து மாலை 4 மணிக்குச் சத்தம் வரும். பேருந்தில் அது சங்கடம், விமான நிலையத்தில் விசாரணை. பிரவுன் நிறுவனத்துக்காக டீட்டர் ராம்ஸும் டீட்ரிஷ் லூப்ஸும் 1970, 80களில் வடிவமைத்த சின்னக் கடிகாரங்கள் இன்றும் மறுபதிப்பாக விற்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. கறுப்பு முகப்பில் வெள்ளை முட்கள், நொடி முள்ளுக்கு மட்டும் மஞ்சள் என்று தூக்கக் கண்ணுக்குக்கூட முட்கள் குழம்பாதபடி செய்திருக்கிறார்கள். அதே நிறுவனம் 80களில் குரல் கொடுத்தால் நிற்கும் அலாரத்தையும் கொண்டுவந்தது. வீட்டில் சுகமான யோசனை. பலர் படுத்திருக்கும் தங்கும் விடுதிக்கு ஒத்துவராது, பக்கத்துக் கட்டில்காரரின் முனகலே அதை நிறுத்திவிடும்.

ஒலியைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. சின்னக் கடிகாரங்களில் இருப்பது மெல்லிய பீசோ தகடு. அது எழுப்புவது கீச்சென்ற உயர்ந்த சுருதி. வயது ஏற ஏற முதலில் மங்குவது அந்தச் சுருதியைக் கேட்கும் திறன்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரதி புரூக்கும் இயன் தாமஸும் தீ எச்சரிக்கைக் கருவிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஏறக்குறைய 3,100 ஹெர்ட்ஸ் கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒலி, காது மந்தமானவர்களைப் பல மடங்கு நன்றாக எழுப்பியது. அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகள் அதன்பின் படுக்கையறைகளுக்கு இந்தத் தாழ்ந்த சுருதியைக் கோரத் தொடங்கின. கடையில் கேட்டுப் பார்க்கும்போது, எவ்வளவு சத்தம் என்பதோடு எவ்வளவு தடித்த ஒலி என்பதையும் கவனியுங்கள். வீட்டுப் பெரியவருக்கு வாங்குவதானால் அவரையே கூட்டிப்போய்க் கேட்கச் செய்வது உத்தமம். அறையில் மற்றவர்கள் தூங்குகிறார்களே என்ற கவலைக்கு, மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக விரைகிற ‘பீப்’ போதும். முதல் இரண்டு அடியிலேயே எழுகிறவர் அதற்குள் நிறுத்திவிடுவார். தலையணைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், பாதி ஒலியைப் பஞ்சு தின்றுவிடும்.

பேட்டரி ஏஏ அல்லது ஏஏஏ ஆக இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். எல்ஆர்44, சிஆர்2032 போன்ற பொத்தான் பேட்டரி போட்டால் கடிகாரம் மெலியும் என்பது உண்மை. ஆனால் அது தீர்ந்துபோகும் ஊரில் கிடைக்காது, குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். பயணம் முடிந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கப் போகிறதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் செம்புத் தகடு பச்சைப் பூத்துப் போகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ‘ரேடியோ கண்ட்ரோல்’ கடிகாரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜெர்மனியின் மைன்ஃப்ளிங்கன், பிரிட்டனின் ஆன்தோர்ன், அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நிலையங்கள் நெட்டலையில் அனுப்பும் நேரக் குறிப்பைப் பிடித்து அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. இந்தியாவில் அப்படி ஓர் ஒலிபரப்பு இல்லை. உலக நேர வசதியும் இப்படித்தான். முழு மணிக்கணக்கில் மட்டும் மாறுகிற சில மாடல்களில் நமது ஐந்தரை மணி நேர வித்தியாசம் அடங்காது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் இறங்கினால் முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னே திருகிவிட்டால் தீர்ந்தது, அதற்கு ஒரு மெனு தேவையில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் தேர்வு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மோர்பி டைம்பீஸ்தான். நகரும் சுவிட்சும் தட்டினால் எரியும் விளக்கும் இருக்கிற மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். இருட்டில் ஒளிரும் பூச்சு சில மணி நேரத்தில் மங்கிவிடும், அதை மட்டும் நம்பக் கூடாது. டிக் டிக் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பவர்கள் நொடி முள் தாவாமல் வழுக்கிச் செல்லும் வகையைக் கேட்கலாம், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். கையில் பணம் இருந்து, பத்தாண்டு வைத்திருக்கும் பொருள் வேண்டுமென்றால் பிரவுன். காது நன்றாகவே மந்தமானவர்களுக்கு இந்த இரண்டையும் நான் சொல்லமாட்டேன். தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்ந்து எழுப்புகிற கருவிகள் தனியாகவே கிடைக்கின்றன, அவர்கள் தேட வேண்டியது அதைத்தான்.