உச்சிவெயில் மாயம்: இருண்ட கனவுப் படங்களை எப்படி ரசிப்பது?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகளை வெளியே விடாத நேரம் இரண்டு உண்டு. ஒன்று நடுராத்திரி, இன்னொன்று உச்சிப்பொழுது. "உச்சி வேளையில புளியமரத்துப் பக்கம் போகாதே" என்று பேரப்பிள்ளையை அதட்டாத அப்பத்தா இந்தப் பக்கம் அரிது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வெளிச்சம், தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது, காற்றும் அசையாது. அந்த நேரத்தில்தான் முனி நடமாடும் என்பது இந்தச் சமவெளியின் நம்பிக்கை. இருண்ட மாயப் படங்களை ரசிக்கப் பழக விரும்புகிறவர் இங்கிருந்தே தொடங்கலாம். அச்சமும் அதிசயமும் இருட்டுக்குள் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துப் போனால், நம் மண்ணில் எடுத்த நல்ல படங்கள் பல கைக்கு அகப்படாமல் போய்விடும்.

இந்த வகைப் படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் முதலில் கேட்கும் பேச்சு, "ஒண்ணுமே புரியலையேப்பா" என்பதுதான். அப்படிச் சொல்கிறவரை மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே உள்ள புதுமண்டபத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது அது. தையல் மிஷின்களும் புத்தகக் கடைகளும் பல காலம் மறைத்துக்கொண்டிருந்த அந்தத் தூண்களில் என்னதான் இல்லை? பன்றி முகத்தோடு நின்று குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் சிவன் இருக்கிறார். மூன்று முலைகளோடு தடாதகைப் பிராட்டி இருக்கிறாள். கரும்புக்குத் துதிக்கையை நீட்டும் கல் யானை இருக்கிறது. எதிரில் நிற்கிற யாரும் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று முதலில் கேட்பதில்லை. நிற்கிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், உடம்பு ஒருகணம் சிலிர்க்கிறது. கதை என்னவென்று பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் கேட்பது அதற்குப் பிறகு. முதலில் கண், பிறகுதான் கேள்வி. கனவுத்தன்மை கொண்ட படங்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதும் இதே வரிசையைத்தான். கோயில் தூணுக்கு நாம் தாராளமாகக் கொடுக்கும் அந்தப் பொறுமையைத் திரைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

அழகர்கோவிலுக்குப் போனால் அடுத்த பாடம் கிடைக்கும். பதினெட்டாம்படிக் கருப்பருக்கு அங்கே சிலை இல்லை. மூடிய பெரிய கதவுகள்தான் சாமி. சந்தனமும் மாலையும் கதவுக்குத்தான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரை கிளம்பும்போது, எடுத்துப் போகும் நகைகளின் பட்டியலை இந்தக் கதவின் முன்னால் வாசித்துக் காட்டுவார்கள். உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் கணக்கு கேட்பார். காட்டாமல் வைப்பதன் வலிமையை இதைவிடத் துல்லியமாக எந்தத் திரைப்படப் பள்ளியும் சொல்லித்தந்துவிட முடியாது.

இந்தக் கதவை மனதில் வைத்துக்கொண்டு பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) பாருங்கள். மீனாவுக்குப் 'பிடித்திருக்கிறது' என்று வீட்டார் நம்புகிறார்கள். பேயோட்டும் சாமியாரிடம் அழைத்துப் போகக் கிளம்புகிறது ஒரு ஷேர் ஆட்டோ, கூடவே சில பைக்குகள், காலைக் கட்டிய ஒரு சேவல். படத்தில் பின்னணி இசை கிடையாது. மீனாவாக வரும் அன்னா பென் வாயே திறப்பதில்லை என்று சொல்லிவிடலாம். பேய் என்று எதையும் இயக்குநர் காட்டுவதும் இல்லை. தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கட்டைக் குரலில் கத்தும் பாண்டியையும் (சூரி) சுற்றி நிற்கும் உறவுக்காரர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தால், பிடித்திருப்பது யாரை என்ற சந்தேகம் நமக்கே வந்துவிடும். சேவலின் கண்ணையும் மீனாவின் கண்ணையும் மாறி மாறிக் கவனியுங்கள். படத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

அதே இயக்குநரின் முதல் படம் 'கூழாங்கல்'. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி வட்டாரத்தின் பாறையும் பொட்டல் வெளியும் அதன் களம். மாயப்படம் என்று யாரும் அதை வகைப்படுத்த மாட்டார்கள். ஆனாலும் கண்ணைப் பழக்க அதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். குடிகாரத் தகப்பனும் சிறு பையனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். நடக்க நடக்க நிலம் கனவுபோலத் தோன்றத் தொடங்குகிறது. பையன் ஒரு கண்ணாடித் துண்டால் வெயிலைப் பிடித்து அப்பனின் முதுகில் அடிக்கிறான். ஒளியே ஆயுதமாகிவிடும் இடம் அது. எந்தத் தந்திரக் காட்சியும் இல்லாமல் வெறும் நிலமும் நேரமும் சேர்ந்து மாயத்தை உண்டாக்கும் என்பதை இதில் கண்டுகொண்டவருக்கு மற்றவை எளிது.

இனி நான் நின்று பேச விரும்பும் படத்துக்கு வருகிறேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்', 2023 ஜனவரியில் திரைக்கு வந்த மலையாளப் படம். ஆனால் பாதிக்கு மேல் தமிழ் பேசும் படம். பழனிப் பக்கத்தில், மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்தது. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் ஒரு வண்டி. எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். ஜேம்ஸ் (மம்மூட்டி) விழிக்கிறார், வண்டியை நிறுத்தச் சொல்கிறார், இறங்குகிறார், சோளக்காட்டு வழியே நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். கொடியில் கிடக்கும் லுங்கியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். இரண்டு வருடமாகக் காணாமல்போன சுந்தரமாகவே அந்த வீட்டில் வாழத் தொடங்குகிறார்.

இதில் பயமுறுத்தும் உருவம் கிடையாது, இருட்டும் அனேகமாக இல்லை. தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் ஓரிடத்தில் வைத்தபடி அசையாமல் பார்க்கிறது. வாசல், அதற்குள் ஒரு வாசல், அப்பால் முற்றம், முற்றத்தின் மூலையில் யாரோ ஒருவர். மனிதர்கள் அந்தச் சட்டகத்துக்குள் வருவார்கள், போவார்கள், கேமரா அவர்கள் பின்னால் ஓடாது. இந்த மாதிரி ஷாட்டில் பேசுகிறவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஓரங்களைப் பாருங்கள். திண்ணையில் படுத்திருப்பவர் எழுந்துவிட்டாரா? கதவு நிலையில் சாய்ந்து நிற்கும் சுந்தரத்தின் மனைவி பூங்குழலி யாரைப் பார்க்கிறாள்? கணவனின் லுங்கியில் ஓர் அந்நியன் நடமாடுவதை ஒரு பெண் எப்படித் தாங்குகிறாள் என்பதை ரம்யா பாண்டியன் வசனமில்லாமல் சொல்வது அந்த ஓரங்களில்தான்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். தெருவெங்கும் எங்கிருந்தோ பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன, டிவியிலிருந்தும் ரேடியோவிலிருந்தும். சுந்தரத்தின் கண் தெரியாத தாய் டிவி முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வந்தவன் தன் மகன்தானா என்ற சந்தேகமே அவளுக்கு இல்லை. குரலை நம்பி உலகத்தைக் கட்டிக்கொள்ளும் அவளைப் போலவே, திரையில் வரும் நிழல்களை நம்பித்தானே நாமும் உட்கார்ந்திருக்கிறோம்! இப்படி ஓர் எண்ணம் நமக்குள் எழ வேண்டும் என்பதற்காகவே இயக்குநர் பழைய படங்களின் ஒலியை விடாமல் ஓடவிட்டிருக்கிறார் என்று நம்புகிறேன். ஜேம்ஸின் உடம்பில் சுந்தரத்தின் ஆவி புகுந்ததா, அல்லது அது அந்தத் தூக்கத்தின் கனவா? தொடக்கத்தில் வேளாங்கண்ணி லாட்ஜில் உறக்கத்தையும் சாவையும் பற்றிய ஒரு குறள் வருகிறது. அதற்கு மேல் படம் துப்புக் கொடுப்பதில்லை. கொடுக்கவும் வேண்டியதில்லை.

துப்புத் தேடி அலைவதே கதையாக அமைந்தது 'குதிரைவால்' (2022). மனோஜ் லியோனல் ஜேசனும் ஷியாம் சுந்தரும் இயக்கியது. வங்கி ஊழியர் ஒருவர் காலையில் கண்விழிக்கிறார், பின்னால் குதிரைவால் முளைத்திருக்கிறது. கனவுக்குப் பலன் சொல்லும் பாட்டி, கணக்கு வாத்தியார், ஜோசியர் என்று விளக்கம் கேட்டுத் திரிகிறார். நடுவில் பேச்சு கூடிவிடுகிறது, அது இந்தப் படத்தின் பலவீனம். ஆனால் தொடக்கத்தில் அந்த அறையின் நிறங்கள், படுக்கையில் அசையும் வால், பாதி வெளிச்சத்தில் கலையரசனின் குழம்பிய முகம் ஆகியவற்றுக்காகவே இரண்டு முறை பார்க்கலாம். தமிழில் இப்படித் துணிந்தவர்கள் மிகக் குறைவு.

பார்த்து முடித்தபின் கேட்க ஒரு நல்ல கேள்வி உண்டு: இந்த மாயத்துக்கு அடியில் எந்தக் காயம் இருக்கிறது? கில்லர்மோ டெல் டோரோவின் 'பேன்ஸ் லேபிரிந்த்' (2006) படத்தில் உள்ளங்கையில் கண் வைத்த ஒரு கோரம், நிறைந்த விருந்துமேசை முன்னால் உட்கார்ந்திருக்கும். கதையின் நாயகியான சிறுமியின் வீட்டிலும் ராணுவத் தளபதி ஒருவன் விருந்துமேசையின் தலைமாட்டில் உட்காருகிறான். கதை நடப்பது 1944-இல், உள்நாட்டுப் போர் முடிந்த ஸ்பெயினில். நம் மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) படத்தில் பேருந்து நிற்காத ஊரில், நடுரோட்டில் வலிப்பு வந்து கிடந்து செத்த சிறுமி முகமூடி தரித்த காட்டுப்பேச்சியாகத் திரும்பி வருகிறாள். அதற்கும் ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்தான். அகாலத்தில் இறந்தவளைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது தென்மாவட்டங்களுக்குப் பழகிய வழக்கம். அதனால் அந்த முகமூடிக்கு நமக்கு அடிக்குறிப்பு தேவைப்படுவதில்லை. காயம் இல்லாத மாயம் வெறும் அலங்காரமாக நின்றுவிடும். கோடிகள் கொட்டி எடுத்த பல கிராபிக்ஸ் படங்கள் மறுநாளே மறந்துபோவது இதனால்தான்.

பார்க்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராகி அனில் பர்வேயின் 'தும்பாட்' (2018) போன்ற மழையும் இருளும் நிறைந்த படத்தைப் பகலில் செல்போனில் பார்த்தால், திரையில் உங்கள் முகம்தான் தெரியும். விளக்கை அணையுங்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள், அது கனவை சீரியலாக்கிவிடும். நல்ல ஹெட்போன் இருந்தால் பாதி தியேட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. படம் முடிந்ததும் யூடியூபில் 'முடிவு விளக்கம்' தேட விரல் பரபரக்கும். ஒரு ராத்திரியாவது பொறுங்கள். தூங்கி எழுந்தபின் எந்தக் காட்சி மனதில் மிச்சமிருக்கிறதோ, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு பாருங்கள். சாமியாடுவதையும் குறி கேட்பதையும் நேரில் கண்டவர்களுக்கு, நமக்குத் திகைப்பாக இருக்கும் பல இடங்கள் திகைப்பே தருவதில்லை. அவர்கள் சொல்வது நமக்குத் தேவை.

ஒரு பார்வையாளனாக எனக்குத் தீராத ஆசை ஒன்று உண்டு. ஏ.பி.நாகராஜன் 1965-இல் 'திருவிளையாடல்' எடுத்தபோது தருமியையும் நக்கீரரையும் பாணபத்திரரையும் எடுத்துக்கொண்டார். அழகான படம், பாட்டும் தமிழும் நிறைந்த படம். ஆனால் பரஞ்சோதி முனிவர் பாடிய 64 விளையாடல்களில் இருண்டவை, விசித்திரமானவை இன்னும் எத்தனையோ காத்துக்கிடக்கின்றன. தாயை இழந்த பன்றிக் குட்டிகளுக்காகத் தானே தாய்ப்பன்றியான கடவுளின் கதையை, உச்சிவெயிலில், இந்தப் பொட்டல் வெளியில், அசையாத கேமராவோடு ஒருவர் எடுத்தால் எப்படி இருக்கும்! கதை, நிலம், வெயில் மூன்றும் இங்கேயே இருக்கின்றன. எடுக்கிறவர் மதுரைப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.