தகடூர்ப் போர்ப் பாடல்களில் புண்ணும் இழப்பும்: முதல் உலகப்போர்ப் பதுங்குகுழிக் கவிதைகளோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் புறப்பாடல்கள் போரைப் போற்றுவன என்றும், முதல் உலகப்போரின் பதுங்குகுழிக் கவிதைகள் போரைப் பழிப்பன என்றும் பொதுவாகப் பகுத்துரைக்கப்படுகின்றன. தகடூர்ப் போரோடும் அதியமான் மரபோடும் தொடர்புடைய புலவர்களான அரிசில் கிழார், பொன்முடியார், ஔவையார் ஆகியோரின் பாடல்களை முன்வைத்து இப்பகுப்பின் போதாமையை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பாடல்களில் போரின் கொடுமை களத்தில் அன்றி வீட்டிலும், புண்பட்ட உடலிலும், எஞ்சியோரின் வறுமையிலும் பதிவாகியுள்ளது என்பதும், ஆயினும் அப்பதிவு போர் எதிர்ப்பாக வளரவில்லை என்பதும் இதன் முடிபுகள்.

முதன்மைச் சொற்கள்: தகடூர், அதியமான், அரிசில் கிழார், காஞ்சித்திணை, நடுகல், பதுங்குகுழிக் கவிதை.

முன்னுரை

தீர்த்தமலை அமைந்துள்ள அரூர் வட்டம் உள்ளிட்ட இன்றைய தருமபுரி மாவட்டம், சங்ககாலத்தில் அதியமான் மரபினர் ஆண்ட தகடூர்ப் பகுதியைச் சார்ந்தது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்த செய்தியைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து தெரிவிக்கிறது. அப்போரைப் பொருளாகக் கொண்டு எழுந்த தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. உரையும் பாட்டும் விரவிய பழமையான நூலுக்குப் பேராசிரியர் அதனை எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறார். புறத்திரட்டு என்னும் தொகைநூலின் வழியாக அதன் 44 பாடல்கள் எஞ்சின. போரைப் பாடிய நூலே சிதைந்துவிட்ட நிலையில், அப்போரின் துயரை அறியப் புறநானூறும் பதிற்றுப்பத்துமே முதன்மைச் சான்றுகளாகின்றன.

மேலை நாட்டில் 1914 முதல் 1918 வரை நடந்த போரில் பதுங்குகுழிகளில் இருந்தோரே கவிஞர்களாகவும் விளங்கினர். வில்ஃபிரெட் ஓவன், சீக்ஃபிரீட் சசூன், ஐசக் ரோசன்பர்க் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். ரோசன்பர்க் 1918 ஏப்ரலிலும், ஓவன் போர்நிறுத்தத்திற்கு ஒரு வாரம் முன்பாக 1918 நவம்பர் 4 அன்றும் களத்தில் மாண்டனர். தகடூர்ப் புலவர்கள் படைக்கலம் ஏந்தியவர்கள் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் அவர்கள் வேந்தரோடு உடனுறைந்து, புண்பட்டோரையும் மாண்டோரையும் அணுகி நின்று பாடியவர்கள். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே இவ்வொப்பீடு நிகழ்த்தப்படுகிறது.

புண்பட்ட உடல்

ஓவன் கவிதைகளின் மையம் சிதைந்த உடல். நச்சுவாயுவில் மூச்சுத் திணறி மடியும் வீரனைக் காட்டி, நாட்டுக்காக இறத்தல் இனிது என்னும் இலத்தீன் முதுமொழியைப் பொய்யென அவர் உரைக்கிறார். அவர் பாடலில் சாவு கண்முன் நிகழ்கிறது; அதைத் தடுக்க இயலாமையே பாடுவோனை அலைக்கழிக்கிறது.

அரிசில் கிழாரின் புறநானூற்று 281ஆம் பாடலிலும் புண்ணே மையம். ஆனால் களம் இல்லை. இரவ மரத்தின் தழையும் வேப்பந்தழையும் வீட்டில் செருகப்படுகின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. ஐயவி தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பி, வீரனின் பெரும்புண்ணைக் காப்போம் எனத் தோழியை அழைக்கிறாள் ஒருத்தி. பாடலில் வெற்றி பற்றியோ பகைவர் பற்றியோ பேச்சில்லை. இங்குள்ள செயல்கள் யாவும் காத்தல் தொழிலைச் சார்ந்தவை. அச்செயல்கள் அடுக்கப்படும் விரைவிலேயே அவை பயன்படாமற் போகலாம் என்ற அச்சம் வெளிப்படுகிறது. நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சித்திணையில் இப்பாடல் வைக்கப்பட்டிருப்பது அதனை உறுதிசெய்கிறது.

பொன்முடியாரின் 310ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. பாலுண்ண மறுத்தபோது சினமின்றி ஓங்கிய சிறுகோலுக்கே அஞ்சிய சிறுவன், இன்று களிறு கொன்றும் அமையாதவனாய்க் கேடயத்தின்மேல் கிடக்கிறான். புண்ணில் தைத்த அம்பைக் குறித்தபோது, அதை அறியவில்லை என்கிறான். அவனுடைய தந்தையும் முன்னரே போரில் வீழ்ந்தவன். மறக்குடியின் பெருமையைச் சொல்லும் பாடலாகவே இது மரபில் கொள்ளப்படுகிறது. எனினும், மென்மையான தாடி அரும்பிய முகம் என்னும் குறிப்புடன் பாடல் முடிவது கருதத்தக்கது. பெருமைக்கு அவ்விளமை தேவையில்லை. இழப்பின் அளவை உணர்த்தவே அது தேவைப்படுகிறது. இளையோர் பலியாதலை ஓவன் சினத்தோடு உரைக்க, பொன்முடியார் தாய்மையின் நினைவாக உரைக்கிறார்.

இவரே பாடிய 312ஆம் பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோர்க்குரிய கடன்களை வகுக்கிறது. அதில் மகனின் கடன் களிறு எறிதல் மட்டுமன்று. எறிந்து மீளுதலும் ஆகும். போருக்கு அனுப்பும் தாயின் கூற்றில் மீளுதலும் கடனாகச் சேர்க்கப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை.

இருபக்கமும் நின்ற பாடல்

ரோசன்பர்க்கின் புகழ்பெற்ற பதுங்குகுழிக் கவிதை ஒன்றில் எலி ஒன்று இரு படையினரிடையும் தடையின்றிச் சென்று வருகிறது. மனிதர்க்கு இயலாத அந்நடமாட்டமே அதன் எள்ளல். தகடூர்ப் போரில் அவ்வாறு இருபக்கமும் சென்றது அரிசில் கிழாரின் பாடல். தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அவர். பரிசாக ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும் பெற்று, ஆட்சியை மன்னனிடமே திரும்ப அளித்து அமைச்சுரிமை ஏற்றார் எனப் பதிகம் கூறுகிறது. அப்போரில் வீழ்ந்த எழினிக்குக் கையறுநிலை பாடியவரும் அவரே (புறம் 230).

கன்றோடு கூடிய ஆநிரை காட்டில் அச்சமின்றித் தங்கியதும், வழிச்செல்வோர் விரும்பிய இடத்தில் தங்கியதும், நெற்குவியல்கள் காவலின்றிக் கிடந்ததும் எழினியின் ஆட்சிச் சிறப்புகளாக முதலில் கூறப்படுகின்றன. அவன் வீழ்ந்தபின் சுற்றம் தாயை இழந்த குழவி போல வருந்துகிறது. இறுதியில் கூற்றுவன் பழிக்கப்படுகிறான்: விதைநெல்லை உண்ட வறிய உழவனைப் போல அறியாமை செய்தாய், இவனுயிரை உண்ணாதிருந்தால் இவன் போர்க்களத்தில் பகைவர் உயிர்களை நிறைய உண்டிருப்பாய்.

இவ்விறுதிக் கருத்து பாடலை இரு திசைகளில் இழுக்கிறது. முற்பகுதி போற்றுவது அமைதியை. பிற்பகுதி போற்றுவது கொலைத்திறனை. எழினியின் இழப்பை அளக்கும் அலகு, அவன் இனிக் கொல்லாதுவிட்ட உயிர்களின் தொகையாகிறது. எனவே இதனைப் போர் எதிர்ப்புப் பாடல் எனக் கொள்வது பொருந்தாது. 1917இல் போர் தொடர்வதை வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விடுத்த சசூனின் நிலைப்பாட்டை இங்குத் தேடுதல் காலமுரண். எனினும் வெற்றி பெற்றவனைப் பாடிய புலவரே தோற்ற பக்கத்தின் வீரனை இத்துணைப் பரிவோடு பாடியிருப்பது, பகை என்னும் எல்லையைத் துயரம் கடந்ததற்குச் சான்றாகும்.

வேலின் வழி

அதியமான் நெடுமான் அஞ்சியின் மறைவுக்கு இரங்கும் ஔவையார் (புறம் 235), அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தையும், இரப்போர் கைகளையும், சுற்றத்தார் கண்ணொளியையும், புலவர் நாவையும் ஊடுருவிச் சென்றதாகப் பாடுகிறார். ஓர் ஆயுதத்தின் வழியைப் பின்தொடர்ந்து, அது தாக்கிய அனைவரையும் வரிசைப்படுத்தும் இவ்வுத்தி போரிழப்பைச் சமூக இழப்பாக விரிக்கிறது. போரில் பங்கேற்காதோரே இங்குப் பெரிதும் புண்பட்டோர். பதுங்குகுழிக் கவிஞர்கள் வீட்டிலிருப்போரைப் பெரும்பாலும் போரின் உண்மை அறியாதோராகவே கண்டனர். தகடூர்ப் பாடல்களில் வீடே போரின் விளைவை முழுமையாக அறிந்த இடம்.

அவனுக்கு நடுகல் எடுத்துப் பீலி சூட்டிக் கள் படைப்பதை மற்றொரு பாடலில் (புறம் 232) பாடும் ஔவையார், நாடு கொடுத்தும் கொள்ளாதவன் இச்சிறுகலத்துக் கள்ளைக் கொள்வானோ என வினவுகிறார். வழிபாடு இழப்பை ஈடுசெய்யும் என்னும் நம்பிக்கையையே அவ்வினா ஐயுறுகிறது. பிற்காலத்தில் இப்பகுதியில் எழுந்த நடுகற்கள் வட்டெழுத்தில் ஆட்சியாண்டும், தலைவன் பெயரும், ஆநிரைப் பூசலில் பட்டவன் பெயரும் பொறித்தன. அவற்றுள் சில தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் காணக்கிடைக்கின்றன. முதல் உலகப்போரில் மேலைப் போர்முனையில் மாண்ட இந்தியப் படையினர் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பிரான்சின் நெவ் சாப்பெல் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டும் பெயரைக் காக்கின்றன. அப்பெயருக்குரியவன் இல்லாத வீட்டைக் காட்ட ஔவையாரின் வினா போன்ற பாடல் தேவைப்படுகிறது.

முடிவுரை

தகடூர்ப் பாடல்கள் மறத்தைப் போற்றும் மரபுக்குள் நின்றே போரின் விலையைக் கணக்கிடுகின்றன. புண்காக்கும் வீடு, தாடி அரும்பிய முகம், விதைநெல் உவமை, வேலின் வழி ஆகியன அக்கணக்கின் உறுப்புகள். பதுங்குகுழிக் கவிதைகள் போரை நடத்தியோரைக் குற்றம் சாட்டின. இப்பாடல்கள் கூற்றுவனைக் குற்றம் சாட்டி, வேந்தரை விலக்கின. அவ்விலக்கே புரவலரைச் சார்ந்து வாழ்ந்த புலவர் மரபின் எல்லை. அவ்வெல்லையை மறைத்து இப்பாடல்களைப் போர் எதிர்ப்பாகக் காட்டுவதும், அவற்றுள் பதிவான துயரை மறந்து வீரப்புகழ்ச்சியாக மட்டும் கற்பிப்பதும் ஒரேவகைக் குறையுடைய வாசிப்புகளே. தகடூர் யாத்திரையின் எஞ்சிய பாடல்களையும் தருமபுரி நடுகற்களையும் இந்நோக்கில் இணைத்து ஆராய்வது மேலும் பயன் தரும்.